வழி சொல்பவர்கள்

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தின் டாசன் நகருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் முன்பாக, கிளாண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சரளைச் சாலை வடக்கே பிரிகிறது. பெயர் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. பெயரைத் தவிர நெடுஞ்சாலைக்கு உரியது எதுவும் அதில் அநேகமாகக் கிடையாது. கைபேசியில் சிக்னல் வராது. பிரிகிற இடத்திலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரை 369 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் இல்லை, கடை இல்லை, ஊர் இல்லை. ஈகிள் பிளெயின்ஸும் ஊர் அல்ல; ஒரு விடுதி, ஒரு பெட்ரோல் பங்க், டயருக்குப் பஞ்சர் போடும் ஒரு பட்டறை. அதற்கு அப்பால் பீல், மெக்கன்சி என்று இரண்டு ஆறுகள். இரண்டுக்கும் பாலம் கிடையாது. கோடையில் ஃபெர்ரி, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி ஓட்டிப் போகவேண்டியதுதான். இடையே சில வாரங்கள், பனிக்கட்டி படகுக்கு வழிவிடாமலும் வண்டியைத் தாங்காமலும் கிடக்கும்போது, சாலை துண்டாகிவிடும். இப்படிப் போனால் சுமார் 740 கிலோமீட்டரில் இனுவிக் என்ற ஊர் வரும். 2017 நவம்பரில் இன்னொரு சாலை திறந்த பிறகு அங்கிருந்து டக்டோயக்டக் வரை போய் ஆர்க்டிக் கடலில் காலையே நனைக்கலாம்.

கோடையில் இந்தச் சாலையில் ஆர்.வி.கள் நிறையப் போகின்றன. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே வண்டிக்குள். ஆர்.வி. விற்கிறவர்கள் இதைச் சுதந்திரம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டாம், சோற்றுக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம். வீட்டைக் கூடவே கொண்டுபோகிறவனுக்கு விருந்தாளியாகும் அவசியமே இல்லை. அந்த வாக்குறுதி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க டெம்ப்ஸ்டரைப் போல வேறொரு சாலை அமையாது. ஜூன் மாதக் கடைசியில் அக்கா, அத்தானோடு அந்தச் சாலையில் ஒரு பகல் முழுவதும் போனேன். பகல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அந்த மாதத்தில் அங்கே இரவு கிடையாது.

அத்தான் எட்மன்டனில் எண்ணெய்த் தொழிலில் இருக்கிறார். வண்டி அவருடைய சொந்த வண்டி. வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல, டெம்ப்ஸ்டரில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. கூரான களிமண் பாறைச் சில்லுகள் நிறைந்த சாலை அது; டயரைக் கிழிக்கும். தூசு அடங்குவதற்காக அதன்மேல் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது நல்லது. மழை பெய்தால் வழுக்கும். இரும்பில் ஒட்டினால் அரிக்கும். அத்தான் கூடுதலாக இரண்டு டயர் கட்டியிருந்தார். இரண்டு என்பது அங்கே ஆடம்பரம் அல்ல, விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு.

டூம்ஸ்டோன் பூங்காவின் முகாமில் காலை விடிந்தது. அதாவது கடிகாரத்தில் விடிந்தது. யூகான் அரசின் முகாம்களில் விறகு இலவசம். மின் இணைப்பும் குழாய் இணைப்பும் கிடையாது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். சமையல் மேடைக்கு மேலே ஆர்.வி.யின் சுவரில் ஒரு சிறிய பலகை. அதில் நான்கு வரிசை விளக்குகள்: நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தொட்டி, பாட்டரி. ஒவ்வொரு வரிசையிலும் கால், அரை, முக்கால், முழுசு. அக்கா காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பலகையின் பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள்.

"தம்பி, குளிக்கணும்னா இன்னிக்கு ஒரு சொம்புதான். ராத்திரி ஈகிள் பிளெயின்ஸ்ல காசு குடுத்துக் குளிச்சுக்கோ."

"நல்ல தண்ணி பாதிக்கு மேல இருக்கே?" என்றார் அத்தான்.

"இருக்குங்க. அழுக்குத் தண்ணி முக்கால் ஆயிட்டுது. அதை எங்க கொண்டுபோய் விடறது?"

வீட்டுக்கு வேண்டியதைப் பற்றி நாம் கவலைப்படுகிற அளவுக்கு வீடு வெளியே தள்ளுவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நகரத்தில் தண்ணீர் வராத நாள் நினைவிருக்கும். சாக்கடை ஒழுங்காக ஓடிய நாள் யாருக்கும் நினைவிருக்காது. ஆர்.வி.யில் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் வெளியேறும் தண்ணீர்தான். வடக்கே இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. மேலே பாசியும் புல்லும் கோடையில் இளகியிருக்கும். ஒரு முழம் இரண்டு முழம் தோண்டினால் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம். மேலே ஊற்றும் தண்ணீர் கீழே இறங்குவதற்கு இடமில்லை. அங்கேயே தேங்கி நிற்கும். மழை அதிகமில்லாத அந்தப் பிரதேசம் முழுக்கச் சதுப்பாகவும் குட்டையாகவும் கொசுவாகவும் இருப்பது அதனால்தான். மண் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் என்பது உழவர்களின் நாட்டில் பிறந்த நம்பிக்கை. இந்த மண் கொட்டியதை மேலேயே வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

அக்கா ரசத்துக்குத் தாளித்தபோது அத்தான் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார். கிரிஸ்லி கரடிகள் உலவும் இடம். பெருங்காயத்தைக் கரடி விரும்புமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது; தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் புரொப்பேன் உருளை. புரொப்பேன் திரவம் வாயுவாக மாறுவது மைனஸ் 42 டிகிரிக்கு மேலேதான். அதற்குக் கீழே குளிர் இறங்கினால் உருளை நிறைந்திருந்தாலும் அடுப்பு எரியாது. அந்தக் குளிர் இந்த மலைகளுக்கு ஜனவரியில் வரக்கூடியதே. ஆக, நாங்கள் ஓட்டிக்கொண்டு வந்த வீடு கோடைக்கு மட்டுமான வீடு. சுதந்திரத்துக்கும் பருவம் உண்டு.

டூம்ஸ்டோனைத் தாண்டியதும் நார்த் ஃபோர்க் கணவாய். சாலையின் மிக உயரமான இடம் அதுதான். தெற்கே விழும் மழை கிளாண்டைக் ஆற்றின் வழியாக யூகான் ஆற்றில் சேர்ந்து பெரிங் கடலுக்குப் போகிறது. வடக்கே விழுவது பிளாக்ஸ்டோன், பீல், மெக்கன்சி என்று கைமாறி ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது. அந்த மேட்டில் மரங்கள் நின்றுவிடுகின்றன. பிறகு முழங்கால் உயரத்துக்கு வில்லோப் புதர்கள், குட்டை பிர்ச்சுகள், வெண்பஞ்சு சூடிய புற்கள். கண்ணை மறைக்க எதுவுமில்லாத வெளி. எதிரே ஒரு லாரி வந்தால் பத்து நிமிடம் முன்பே அதன் தூசு தெரிந்துவிடும். தூசைப் பார்த்ததும் அத்தான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவார். இனுவிக்குக்குச் சாமான் கொண்டுபோய்த் திரும்பும் லாரிகள் அவை. விரைந்து கடந்தால் சில்லுகள் தெறித்து முன்கண்ணாடி போய்விடும்; அதனால் லாரிக்காரரும் வேகத்தைக் குறைப்பார். கடக்கும்போது இருவரும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார்கள். அன்று முழுக்க ஒருவர் தவறாமல் அப்படித் தூக்கினார்கள்.

இந்தச் சாலையைப் போட்டிருக்கும் முறையே பாடம். உறைநிலத்தின் மேல் சாலை போடுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று 1942இல் அலாஸ்கா நெடுஞ்சாலை போட்ட அமெரிக்க ராணுவம் கற்றுக்கொண்டது. தெற்கத்தி வழக்கப்படி அவர்கள் புல்டோசரால் பாசியையும் மேல்மண்ணையும் வழித்துத் தள்ளினார்கள். மூடியிருந்தது போனதும் வெயில் பட்டு அடியிலிருந்த பனி உருகியது. சாலை சேறாகி வண்டிகள் அச்சுவரை புதைந்தன. பிறகு மரங்களை வெட்டி நெருக்கமாக அடுக்கி அதன்மேல் சாலை போட வேண்டியதாயிற்று. டெம்ப்ஸ்டர் போட்டவர்கள் நிலத்தைத் தொடவே இல்லை. பாசியை அப்படியே விட்டு, அதன்மேல் 1.2 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் வரை கனமாகச் சரளையைக் கொட்டினார்கள். நம் ஊரில் முன்பெல்லாம் ஐஸ் கட்டியை உமியும் மரத்தூளும் போட்டுச் சாக்கில் சுற்றி வைப்பார்களே, அதே வேலைதான். வண்டியைத் தாங்குவது இந்தச் சாலையின் பாதி வேலை. மறுபாதி, தன் அடியில் இருக்கும் குளிரைக் கலையாமல் வைத்திருப்பது. சில இடங்களில் இந்தச் சாலையையே சற்று அகலமாக்கி, அவசரத்துக்குச் சிறு விமானங்கள் இறங்கும் ஓடுபாதையாகவும் வைத்திருக்கிறார்கள்.

1950களின் இறுதியில் பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசு வடக்கின் வளங்களுக்கு வழி திறக்கிறோம் என்று இதைத் தொடங்கியது. ஈகிள் பிளெயின்ஸ் பகுதியில் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த காலம். 1961இல் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரோடு வேலை நின்றது. 1968இல் அலாஸ்காவின் புருடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்ததும் மறுபடி சூடு பிடித்தது. 1979இல் திறந்தார்கள். எண்ணெய்த் தொழில் இங்கே எதிர்பார்த்தபடி எழவில்லை.

"எங்க ஆளுங்களுக்காகப் போட்ட ரோடு மாப்ளே," என்றார் அத்தான். "எண்ணெய் வரல. நாம வந்திருக்கோம்."

அவர் சிரித்தாலும், நூறு கிலோமீட்டருக்கு எங்கள் வண்டி குடிக்கும் பெட்ரோலைப் பார்த்தால் அதில் சிரிக்க அதிகமில்லை. இப்போது உறைநிலமே இளகத் தொடங்கியிருக்கிறது. வடக்கே ஃபோர்ட் மெக்பர்சன் என்ற ஊரைச் சுற்றியுள்ள பீல் மேட்டுநிலத்தில் மலைச்சரிவுகள் அடியிலிருக்கும் பனி உருகிப் பெரும் சேற்றுக் குழிகளாகச் சரிந்து விழுகின்றன. அவற்றில் சில சாலையை நெருங்கியவை. நிலத்தைக் குளிராக வைத்திருக்கப் போட்ட சாலையின் மேல், அதைச் சூடாக்கும் பொருளை எரித்துக்கொண்டு, காட்டைப் பார்க்கப் போகிறோம். இதில் சுலபமான விடை எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஃபோர்ட் மெக்பர்சனில் பால் வாங்குகிறவருக்கும் இதே சாலைதான், இதே பெட்ரோல்தான்.

ஓகில்வி மலைகள் வித்தியாசமானவை. கடைசிப் பனியூழிக் காலத்தில் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தபோது இந்தப் பகுதியின் பெரும்பாகம் மூடப்படாமல் தப்பியது. பனியாறு சுரண்டாததால் மலைகள் செதுக்கிய முகத்தோடு இல்லை. சாம்பல் நிறச் சுண்ணாம்புச் சில்லுகள் குவிந்து குவிந்து மழமழவென்று இறங்குகின்றன. உச்சிகளில் மட்டும் இடிந்த கோட்டைச் சுவர் மாதிரி பாறைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. எஞ்சினியர் கிரீக் ஓடையில் இரும்பு கலந்த நீர் கற்களைத் துருநிறமாக்கியிருந்தது, கந்தக வாடை. அக்கா இறங்கிப் பார்த்துவிட்டு, "துணி துவைச்சா நாசமாப் போயிரும்," என்று மட்டும் சொன்னாள்.

ஓகில்வி ஆற்றோரம் ஒதுக்கிடம் ஒன்றில் நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வடக்கேயிருந்து சேறு அப்பிய ஒரு பிக்கப் வந்து, எங்கள் ஜன்னலுக்கு நேராக அதன் ஜன்னல் வரும்படி நின்றது. ஓட்டியவர் அறுபது வயது இருக்கும் பெண்மணி; அந்த வடபகுதியின் பழங்குடிகளான குவிச்சின் மக்களில் ஒருவர். தெற்கே ஒயிட்ஹார்ஸ் நகரில் மகளுக்குப் பிரசவம். ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து போகிறார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். முதலில் அவர்தான் கேட்டார்: வண்டியில் ஏதும் கோளாறா, சாப்பாட்டுக்குத்தான் நிற்கிறீர்களா? கூடுதல் டயர் எத்தனை? இரண்டு என்றதும் தலையாட்டினார். பிறகு நாங்கள் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். மேட்டில் ஏறியதும் ஒரு நீண்ட துண்டு நேற்று மழையில் நனைந்திருக்கிறது, ஓரத்துக்குப் போகாதீர்கள், ஓரம் இளகியிருக்கிறது. கிரேடர் ஒன்று வேலை செய்கிறது. அது ஒதுக்கிய சரளை சாலை நடுவே வரப்பாகக் கிடக்கும். ரிச்சர்ட்சன் மலையில் காற்று. பீல் ஆற்றில் வெள்ளத்தோடு மரங்கள் மிதந்து வந்ததால் ஃபெர்ரியை நேற்றுச் சில மணி நேரம் நிறுத்திவிட்டார்கள்; இன்று காலை ஓடியது, தண்ணீர் இறங்குகிறது. சொல்லிவிட்டு, அக்கா நீட்டிய முறுக்கை ஒன்று கடித்துப் பார்த்து, இன்னும் இரண்டை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்கு ஆற்றுப்படைகள் நினைவுக்கு வந்தன. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வருகிற இன்னொருவனை நிறுத்தி, இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ என்று சொல்லும் அமைப்பு. பள்ளிக்கூடத்தில் அதைப் புரவலரைப் புகழ ஒரு உத்தி என்று படித்தோம். மலைபடுகடாத்தைப் பிறகு படித்தபோது வேறொன்று தெரிந்தது. புரவலன் நன்னனின் ஊர் வரை செல்லும் மலைவழியின் இடர்களை அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உள்ள குழிகள், வழுக்கும் பாதைகள், தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் தவறி வரக்கூடிய இடம். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. புகழ்ச்சிக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. நடக்கிறவனுக்குத் தேவை. அந்தப் பெண்மணி சொன்னதும் அப்படித்தான் இருந்தது: ஆபத்தின் பட்டியல், இடம் இடமாக, நேற்றும் இன்றும் மாறியதோடு. இதை வரைபடம் சொல்லாது. எதிர்த்திசையில் வந்தவர்தான் சொல்ல முடியும். அவரும் வண்டியை நிறுத்தினால்தான்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சாலையின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது.

சாலை வருவதற்கு முன் ராயல் நார்த் வெஸ்ட் மவுண்டட் போலீஸ் குளிர்காலத்தில் நாய்வண்டிகளில் டாசனுக்கும் ஃபோர்ட் மெக்பர்சனுக்கும் இடையே ரோந்து போனது. தபாலும் கொண்டுபோவார்கள். சுமார் 760 கிலோமீட்டர். வழக்கமாக டாசனிலிருந்துதான் கிளம்புவார்கள். 1910 டிசம்பர் 21 அன்று இன்ஸ்பெக்டர் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட், கின்னி, டெய்லர், கார்ட்டர் என்ற மூவரோடு ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பினார். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவுப் பொருளைக் குறைத்துக்கொண்டார்கள். வழிகாட்டி கார்ட்டர். அவர் அந்த வழியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரேயொரு முறை போயிருந்தார். அதுவும் டாசனிலிருந்து வடக்கே. நடுவில் ஈசா ஜார்ஜ் என்ற குவிச்சின் வேட்டைக்காரரைச் சில நாட்களுக்குத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். 1911 ஜனவரி 1 அன்று கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். மீதி வழி எங்களுக்குத் தெரியும் என்ற எண்ணம்.

ஃபாரஸ்ட் கிரீக் என்ற ஓடையில் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் கிடைக்கவில்லை. ஒரு பள்ளத்தாக்கில் நுழைந்து பார்ப்பது, இது இல்லை என்று திரும்புவது, அடுத்ததில் நுழைவது என்று நாட்கள் கழிந்தன. மலைநாட்டில் நடந்தவர்களுக்கு இது புரியும். போகும்போது ஒரு முகம் காட்டிய மலை வரும்போது வேறு முகம் காட்டும். கார்ட்டருக்கு அந்த ஓடை இறங்கி வந்த வழி. ஏறிப் போகும் வாயாக அதை அவர் பார்த்ததே இல்லை. உணவு தீர்ந்து திரும்பினார்கள். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். நால்வரும் பிப்ரவரியில் வழியிலேயே இறந்தார்கள். கடைசி இருவர் விழுந்த இடத்திலிருந்து ஃபோர்ட் மெக்பர்சன் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

பிப்ரவரி 28 அன்று டாசனிலிருந்து தேடிப் புறப்பட்டவர் கார்ப்போரல் வில்லியம் டெம்ப்ஸ்டர். அவருடைய குழுவில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற குவிச்சின் வழிகாட்டி இருந்தார். மார்ச் 21, 22 தேதிகளில் உடல்களைக் கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகு தடத்தில் குறிகள் வைத்தார்கள், வழியில் உணவு சேமித்து வைத்தார்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போவதைக் கைவிட்டார்கள். நால்வரின் கல்லறை ஃபோர்ட் மெக்பர்சனில் இருக்கிறது. சாலைக்கு டெம்ப்ஸ்டரின் பெயர்.

டெம்ப்ஸ்டர் தகுதியுள்ளவர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் பெயர் வைக்கும் வரிசையைப் பார்த்தால் நம் காலத்தின் மனசு தெரிகிறது. தேடிப் போனவருக்குச் சாலை. தொலைந்தவர்களுக்குக் கல்லறையும் காவியப் பேரும். வழி தெரிந்திருந்த ஈசா ஜார்ஜுக்குக் கணக்குப் புத்தகத்தில் கூலி. சாலை போட்ட காலத்திலும் இதுவே நடந்தது. டாசன் பகுதியின் ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்களில் ஒருவரான ஜோ ஹென்றி, பிளாக்ஸ்டோன் வெளியில் வேட்டையாடி வளர்ந்தவர். சாலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அளவையாளர்களுக்குத் தடம் காட்டியவர் அவர். நாங்கள் அன்று காலையிலிருந்து ஓட்டிவந்த வளைவுகள் ஒருவகையில் அவருடைய நடையின் வளைவுகள். அவர் பெயரைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கும் முந்தைய தடங்கள் அங்கே உண்டு. போர்க்குப்பைன் கூட்டம் எனப்படும் கரிபு மான்கள், 2017 கணக்குப்படி சுமார் 2,18,000. ஜூனில் அவை அங்கே இருப்பதில்லை. வடக்கே கடலோரச் சமவெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கும்போது அவற்றின் மேய்ச்சல் நிலத்தைச் சாலை ஊடறுத்துப் போகிறது. குவிச்சின் மக்களின் ஊர்கள் எங்கே அமைந்தன என்பதை இந்த மான்களின் வழியை விட்டுவிட்டு விளக்க முடியாது. காலி வெளி என்று நாங்கள் பார்த்துக்கொண்டு வந்தது காலி இல்லை. குடியிருப்பவர்கள் வெளியூர் போயிருந்த வீடு அது. வனாந்தரம் என்பது வந்துபோகிறவர்கள் வைக்கும் பெயர்.

ஈகிள் பிளெயின்ஸை அடையும்போது கடிகாரத்தில் மாலை. வெளிச்சம் நண்பகல் மாதிரிதான். விடுதியின் சுவர்களில் அந்தத் தொலைந்த ரோந்தின் பழைய புகைப்படங்கள் மாட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே அமர்ந்து ஆட்கள் பர்கர் தின்றுகொண்டிருந்தார்கள். அங்கே மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது. டீசல் லாரியில் வருகிறது. லாரி, வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் ஓரம் கட்டுவதால் வருகிறது. அத்தான் ஆர்.வி.யின் வயரைக் கொண்டுபோய் அந்த மின்சாரத்தில் செருகினார். பணம் கட்டித் தொட்டிகளைக் காலி செய்தார், தண்ணீர் பிடித்தார். அக்கா பலகையின் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ம், இப்ப சரி," என்றாள். யாரையும் சாராத வீடு, 300 கிலோமீட்டர் ஓடியதும், நான்கு பேரின் உழைப்பில் தன் நான்கு விளக்குகளையும் சரிசெய்துகொண்டது.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. சார்ந்திருப்பது எங்கும் உள்ளதுதான். நகரத்தில் குழாய்க்குப் பின்னாலும் சுவிட்சுக்குப் பின்னாலும் ஆட்கள் மறைந்திருக்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டி அதை மறந்துபோகிறோம். வடக்கே ஆட்கள் குறைவு, அதனால் ஒவ்வொருவரும் தெரிகிறார்கள். கிரேடர் ஓட்டுகிறவர், ஃபெர்ரி ஓட்டுகிறவர், பஞ்சர் போடுகிறவர், ஜன்னலை இறக்கிப் பேசுகிறவர். ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆட்களுக்கு உடல்வலிவும் துணிவும் குறைவாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. தங்களால் முடியும் என்ற நம்பிக்கை தேவைக்கு மேலேயே இருந்தது. அவர்களிடம் இல்லாமல் போனது, தங்களுக்குத் தெரிந்தது எந்த இடத்தில் முடிகிறது என்ற கணக்கு. ஆர்.வி.யின் பலகையில் அந்தக் கணக்கு தண்ணீருக்கும் பாட்டரிக்கும் இருக்கிறது. மனிதனுக்கு அப்படியொரு பலகை வைத்துத் தரவில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு ஆர்க்டிக் வட்டம் வரை போய்வந்தோம். விடுதியிலிருந்து இன்னும் 36 கிலோமீட்டர். 405ஆவது கிலோமீட்டரில் ஒரு பலகை; காற்று ஆளைத் தள்ளியது. அதற்கு வடக்கே ஆண்டில் ஒரு நாளாவது சூரியன் மறையாது, ஒரு நாளாவது உதிக்காது என்பது பூமி சாய்ந்திருக்கும் கோணத்தின் விளைவு. மண்ணில் கோடு ஏதும் கிடையாது. இருந்தாலும் வந்த எல்லோரும் இல்லாத கோட்டில் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது, அப்போதுதான் தெற்கேயிருந்து வந்து சேர்ந்த ஒரு வயதான தம்பதி எங்களிடம் நடந்து வந்தார்கள். சின்ன வண்டி, ஒரே ஒரு கூடுதல் டயர். மறுநாள் காலை வடக்கே போகிறார்கள். சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் சொன்னார்: 405 வரை நாங்களே பார்த்தது, காய்ந்திருக்கிறது, காற்று மட்டும் பலம். அதற்கு அப்பால் நாங்கள் போகவில்லை. பீல் ஆற்றில் நேற்று மரம் மிதந்து வந்து ஃபெர்ரி நின்றதாம், இன்று காலை ஓடியதாம். மெக்பர்சனிலிருந்து வந்த ஒரு அம்மா மத்தியானம் சொன்னது. டயர் இன்னொன்று கிடைக்குமா என்று பட்டறையில் கேட்டுவிட்டுப் போங்கள். புறப்படும் முன் விடுதியில் ஃபெர்ரியைப் பற்றி இன்னொரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழி சொல்வதற்கு வழி முழுவதையும் நடந்திருக்க வேண்டியதில்லை. பார்த்தது எதுவரை, கேட்டது எதுவரை, கேட்டது யாரிடம் என்று பிரித்துச் சொன்னால் போதும். கார்ட்டர் அதை ஒருமுறை சொல்லியிருந்தால் ஈசா ஜார்ஜுக்கு அந்த ஜனவரியில் இன்னும் சில நாள் கூலி சேர்ந்திருக்கும். சாலைக்கு வேறு யாருடைய பெயராவது வைத்திருப்பார்கள்.